நாய்க்குக் கடிக்கக் கொடுப்பது எது?
மலைத் தோட்டக்காரர்களுக்குச் சில யோசனைகள்

பழனி மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி முதலிய மேல்மலைக் கிராமங்களிலும், தாண்டிக்குடி, பண்ணைக்காடு முதலிய கீழ்மலைக் கிராமங்களிலும் தோட்டக் காவலுக்குச் சிறிய நாய்கள் வளர்க்கப்படுகின்றன. காட்டுப்பன்றியும் காட்டுமாடும் வந்தால் குரைத்து எழுப்ப ஒரு சிறு நாயே போதும். இந்த நாய்களுக்குக் கடித்து மெல்ல எதைக் கொடுக்கிறோம் என்பதில் நாயின் நலம் மட்டுமல்ல, வீட்டுக் குழந்தைகளின் நலமும் அடங்கியிருக்கிறது.

நாய் ஏன் கடிக்கிறது?

நாய்க்குட்டிக்குப் பால்பற்கள் 28. ஏறக்குறைய நான்காவது மாதத்தில் இவை விழத் தொடங்கி, ஏழாவது மாதத்திற்குள் 42 நிலைப்பற்கள் முளைத்துவிடும். அந்தக் காலத்தில் ஈறு தினவெடுப்பதால் செருப்பு, சொட்டுநீர்க் குழாய், சாக்கு என்று கிடைத்ததையெல்லாம் கடிக்கும். வளர்ந்த நாய்க்கும் மெல்லுவது நல்லது. பல்லில் அழுக்குப் படிவது குறையும்.

பச்சைக் கழிவு கூடாது

ஆடு அறுக்கும்போது ஈரல், நுரையீரல் ஆகியவற்றில் நீர் நிறைந்த கொப்புளங்கள் காணப்பட்டால் அவற்றை வெட்டி நாய்க்குப் போடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. இது மிகத் தவறு. அந்தக் கொப்புளங்கள் ஒரு வகை நாடாப்புழுவின் இளம் பருவமாக இருக்கலாம். நாய் அதைத் தின்றால் ஏழு வாரங்களுக்குள் குடலில் புழு வளர்ந்து, சாணத்தில் முட்டைகள் வெளிவரும். புழுவின் நீளம் சில மில்லிமீட்டர்களே. ஆகையால் கண்ணில் படாது.

இந்த முட்டைகள் குளிர்ச்சியும் ஈரமும் உள்ள மண்ணில் பல மாதங்கள் உயிரோடிருக்கும். மேல்மலையின் தட்பவெப்பம் அதற்கு ஏற்றது. புல்லோடு முட்டையை உண்ணும் ஆட்டுக்கு மீண்டும் கொப்புளம் வரும். நாயைத் தடவிய கையாலோ, கழுவாத கேரட்டாலோ முட்டை வாய்க்குள் போனால், மனிதனின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி வளரும். அது பல ஆண்டுகள் தெரியாமலிருந்து, பிறகு அறுவைச் சிகிச்சையில் கொண்டுவிடும்.

எனவே ஆட்டு உறுப்பு எதையும் பச்சையாகப் போடக்கூடாது. கொப்புளம் உள்ளதை எரிக்க வேண்டும், அல்லது நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைக்க வேண்டும். நல்ல உறுப்பையும் 40 நிமிடம் கொதிக்கவைத்த பிறகே கொடுக்கலாம். பச்சைக் கழிவு தின்னும் நாய்க்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை பிராசிகுவான்டெல் மருந்தைக் கால்நடை மருத்துவர் கூறும் அளவில் கொடுக்க வேண்டும். மருந்து கொடுத்தபின் சில நாட்களுக்கு நாயைக் கட்டிவைத்து, அதன் சாணத்தை எரிக்க வேண்டும் அல்லது ஆழப் புதைக்க வேண்டும்.

விலக்க வேண்டியவை

1. வேகவைத்த எலும்பு: கோழி எலும்பு கூராகச் சிலும்பும், தொண்டையையும் குடலையும் கிழிக்கும். ஆட்டுக் கால் எலும்பு பல்லை உடைக்கும்.

2. மான் கொம்பு: காட்டில் உதிர்ந்து கிடந்தாலும் எடுத்து வரக்கூடாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். சிறு நாயின் பல்லுக்கும் அது மிகக் கடினம்.

3. பதனிட்ட தோல் துண்டுகள்: குரோமிய உப்பு முதலிய இரசாயனங்கள் சேர்ந்தவை. விழுங்கினால் தோல் வயிற்றில் ஊறிப் பருத்து அடைத்துக்கொள்ளும்.

4. காப்பிக் கட்டை: வெளிநாடுகளில் காப்பி மரக் கட்டையை நாய் கடிப்பதற்கென்றே விற்கிறார்கள். ஆனால் கவாத்து செய்த கட்டையை அப்படியே எடுத்துக் கொடுப்பது ஆபத்து. தண்டுத் துளைப்பானுக்குப் பூசிய பூச்சிமருந்தும், இலைத்துரு நோய்க்குத் தெளித்த போர்டோ கலவையும் பட்டையில் தங்கியிருக்கும். காப்பிக் கொட்டையும் பழமும் நாய்க்கு நஞ்சு.

5. மலைப்பூண்டு, வெங்காயம்: 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு மனிதனுக்கு மருந்து போன்றது, நாய்க்கோ இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும்.

6. பட்டர் ஃபுரூட், பிளம்ஸ், பீச் கொட்டைகள்: குடலை அடைக்கும். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சுற்றுலாப் பயணிகள் நீட்டும் சாக்லேட்டும் நஞ்சே.

கொடுக்கத் தக்கவை

கேரட்: நன்கு கழுவி, அரை வேக்காடாக வேகவைத்து, முழு நீளத்தில் கையில் பிடித்துக் கடிக்க விடலாம். வட்டமாக நறுக்கினால் சிறு நாயின் தொண்டையில் சிக்கும்.

சர்க்கரைவள்ளிக் கிழங்கு: அரை வேக்காடாக்கி, விரல் கனத்தில் நீளவாக்கில் நறுக்கி உலர்த்தலாம்.

ஆட்டுக் காது: மயிரை வாட்டிச் சுரண்டி, 40 நிமிடம் கொதிக்கவைத்து உலர்த்த வேண்டும். உப்பு, மிளகாய், எண்ணெய் எதுவும் சேர்க்கக்கூடாது.

மேல்மலையில் மூடுபனி நாட்களில் வெயிலை நம்பினால் பூஞ்சணம் பிடிக்கும். தெளிந்த வெயில் உள்ள நாட்களில், பாலித்தீன் தாள் போர்த்திக் காற்றோட்டம் விட்ட கூண்டில் கம்பி வலைமீது பரப்பி உலர்த்தலாம். பூஞ்சண நாற்றம் வந்ததைத் தயங்காமல் எறிந்துவிட வேண்டும்.

மூன்று சோதனைகள்

கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், அல்லது கையால் வளைத்தால் வளைய வேண்டும். நாயின் வாய்க்குள் முழுதாக அடங்காத நீளம் இருக்க வேண்டும். தேய்ந்து சிறு துண்டானதும் வாங்கிவிட வேண்டும்.

ஒரு நாள் உணவில் இத்தகைய தின்பண்டம் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. கடிக்கும்போது ஆள் அருகிலிருப்பது நல்லது. நாய் எச்சில் ஒழுகி, முன்காலால் வாயைத் தேய்த்து, மூச்சுத் திணறினாலும், தொடர்ந்து வாந்தியெடுத்துச் சாணம் போடாமல் இருந்தாலும் உடனே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

நாயைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கைகழுவக் குழந்தைகளைப் பழக்குவதும், பச்சையாகத் தின்னும் காய்களை ஓடும் நீரில் கழுவுவதும் செலவில்லாத பாதுகாப்பு முறைகளாகும்.