அறுபது படிகளும் ஒரு வீடியோவும்



நான்காம் படைவீடான சுவாமிமலையின் 60 படிகள் தமிழ் வருடங்கள் அறுபதைக் குறிப்பவை. 2022 ஆடிக் கிருத்திகைக்கு அப்பாவோட ஏறினேன். ஸ்டேட்டஸுக்காக படிப்படியா வீடியோ எடுத்துட்டே போனேன். நடுவுல உட்கார்ந்து அப்பா ஏதோ சொன்னார். "அப்புறம் சொல்லுங்கப்பா"ன்னேன்.

ஐப்பசியில் அப்பா போயிட்டார். வீடியோவில் படி இருக்கு, கூட்டம் இருக்கு; பாட்டு சேர்த்து எடுத்ததால அவர் குரல் மட்டும் இல்லை.

அந்த டிசம்பரில்தான் கோவில்களில் செல்போனைத் தடை செய்யச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. எனக்கு அது தாமதம்.

பிரணவப் பொருளை மகன் சொல்ல, தகப்பன் சீடனாகக் காது கொடுத்துக் கேட்ட தலம் இது. அங்கே நின்னுதான் நான் அப்பா பேச்சைக் கேட்கலை.

இப்போ அம்மாவோட ஏறுறேன். போன் வண்டியிலேயே இருக்கு.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!