ஓர் ஏரியும் பல துறைகளும்

துறை என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. நீரில் இறங்கும் வழி துறை எனப்படும்; கல்வியின் ஒரு பகுதியும் துறை எனப்படும். ஏரியைச் சூழப் பல துறைகள் அமைந்திருக்கும். எத்துறையில் இறங்கினும் நீர் ஒன்றே. ஆயினும், ஒரு துறையில் மட்டும் நின்று நோக்குவார்க்கு ஏரி முழுவதும் புலப்படுவதில்லை. கல்வித் துறைகளின் இயல்பும் இத்தகையதே. சட்டம், வணிகம், வேளாண்மை, சமூகவியல் எனப் பல பெயர் பூண்டு விரியும் ஆராய்ச்சிகள் யாவும் மக்கள் வாழ்வு என்னும் ஒரே நீர்நிலையின் வெவ்வேறு துறைகளாம். இவ்வுண்மையை உணர்தற்குத் தமிழகத்தின் வடகோடியிலுள்ள பழவேற்காட்டு ஏரி தக்கதொரு சான்றாகும்.

சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப்பாதையில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த ஊர் ஆரம்பாக்கம். அதனை அடுத்து நொச்சிக்குப்பம் முதலிய மீனவர் ஊர்கள் ஏரிக்கரையில் உள்ளன. ஒடிசாவின் சிலிகை ஏரிக்கு அடுத்தபடியாக, இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் பெரியது பழவேற்காட்டு ஏரியே. ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுடைய அவ்வேரியின் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்திலும், தென்பகுதி தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளன. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொணர்கின்றன. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு ஏரியையும் வங்கக் கடலையும் பிரித்து நிற்கிறது. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் உட்புகுந்தும் வெளியேறியும் ஏரிக்கு உயிரூட்டுகிறது.

விடியற்காலையில் மீனவரின் படகு கரை சேர்கிறது. கூடையில் இறால்கள் துள்ளுகின்றன. காண்பார்க்கு அஃது ஒரு கூடை இறால், அவ்வளவே. ஆனால், அதனை முன்னிட்டு எழும் வினாக்கள் பல. இவ்விறால் எங்கிருந்து வந்தது? இதனைப் பிடிக்கும் உரிமை யாருக்கு உண்டு? இதன் விலையை உறுதி செய்வது யாது? இதனை நிலத்திற் குளம் வெட்டி வளர்த்தால் அருகிலுள்ள நெல்வயலுக்கு யாது நேரும்? வழக்கு எழுந்தால் முறைமன்றம் எதனைக் கொண்டு நீதி வழங்கும்? இவ்வினாக்களுக்கு விடை காண அறிஞர் பலர் பல துறைகளின் வழியே இவ்வேரியில் இறங்கியுள்ளனர்.

முதலில் இறங்கியோருள் விலங்கியலார் குறிப்பிடத்தக்கவர். வெள்ளை இறால் ஏரியிற் பிறப்பதன்று. தாய் இறால் கடலில் முட்டையிடுகிறது. வெளிவரும் மிகச் சிறு குஞ்சுகள் நீரோட்டத்தோடு முகத்துவாரத்தின் வழியே ஏரியை அடைந்து, அங்கே இரையுண்டு வளர்ந்து, மீண்டும் கடலை நோக்கிச் செல்கின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஏரிநீரின் உப்பு மிகக் குறையும்; கோடையில் முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிட்டால் கடல்நீரினும் மிகுதியாகக் கரிக்கும். ஆதலின், முகத்துவாரம் அடைபடின் இறாலின் வழியும் அடைபடும். மீனவரின் வாழ்வும் அடைபடும். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் விலங்கியற் பேராசிரியராக விளங்கிய பி. ஜே. சஞ்சீவ ராஜ் இவ்வேரியின் உயிரினங்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். அவர் எழுதிய நூலைத் தேசியப் பல்லுயிர் ஆணையம் 2006-இல் வெளியிட்டது.

இறால் செல்லும் வழியை விலங்கியல் காட்டுகிறது. அவ்வழியில் வலை கட்டும் உரிமை யாருக்கு என்பதை அது கூற இயலாது. அதற்குச் சமூகவியலின் துணை வேண்டும்.

ஏரியின் தென்கோடியில், பழவேற்காட்டை அடுத்த சில குப்பங்களில், ‘பாடு’ என்னும் முறை வழிவழியாக வழங்கி வருகிறது. இறால் மிகுதியாக அகப்படும் நீரோட்ட இடங்கள் சிலவே, வலையுடையோர் பலர். எல்லோரும் ஒரே இடத்திற்கு விரைந்தால் சண்டை எழும். வலிமை உடையோர் நல்ல இடத்தைப் பற்றிக்கொள்வர். எளியோர் வெறுங்கையராய் மீள்வர். இதனைத் தவிர்க்கவே முன்னோர் சீட்டுக் குலுக்கும் வழக்கத்தைக் கொண்டனர். ஊரில் ‘தலைக்கட்டு’ எனக் கணக்கிடப்பெறும் ஆடவர்க்குச் சீட்டில் இடம் உண்டு. சீட்டு விழுந்த வரிசைப்படி அவரவர்க்குரிய நாளில், அவரவர்க்குரிய இடத்தில் வலை கட்டுவர். இன்று நல்ல இடம் பெற்றவர் நாளை அதனைப் பிறர்க்கு விட்டுக்கொடுத்தல் வேண்டும். இச்சட்டம் ஏட்டில் எழுதப்படாதது. எனினும், அதனை மீறுவோரை ஊர் தண்டிக்கும். செபாஸ்டியன் மாத்யூ என்பார் இம்முறையை ஆராய்ந்து எழுதிய அறிக்கையை, ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1991-இல் வெளியிட்டது.

மீனவர் குப்பத்துச் சீட்டுக் குலுக்கல் உலகப் பொருளியலின் பெரியதொரு வினாவோடு தொடர்புடையது. காரெட் ஹார்டின் என்னும் அமெரிக்க அறிஞர், 1968-இல் ஒரு கட்டுரை எழுதினார். பொதுச்சொத்தை ஒவ்வொருவரும் தம் நலம் கருதி மிகையாகப் பயன்படுத்துவர். முடிவில் அஃது அழிந்தே தீரும் என்பது அவர் கருத்து. அங்ஙனமாயின், பொதுநீரை அரசிடம் ஒப்படைப்பது அல்லது தனியார்க்குப் பிரித்துக் கொடுப்பது என்னும் இரு வழிகளே எஞ்சும். எலினார் ஆஸ்ட்ரம் என்னும் அம்மையார், உலகின் பல பகுதிகளில் மக்கள் தாமே விதி வகுத்துப் பொதுச்சொத்தைக் காத்து வந்தமையை ஆராய்ந்து 1990-இல் ஒரு நூல் வெளியிட்டார். துருக்கி நாட்டின் அலன்யா என்னும் ஊரில் மீனவர் சீட்டெடுத்து மீன்பிடி இடங்களை முறைவைத்துக் கொள்வதை அந்நூல் எடுத்துக்காட்டுகிறது. பழவேற்காட்டு மீனவர் அலன்யாவைக் கண்டவரல்லர்; அலன்யா மீனவரும் பழவேற்காட்டை அறியார். ஆயினும், இரு கரையினரும் ஒரே அறத்தைக் கண்டனர். 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அவ்வம்மையாருக்கு வழங்கப்பட்டது. அத்துறையில் அப்பரிசைப் பெற்ற முதற் பெண்மணி அவரே.

இவ்வாறு கூறுவதால் பாடு முறை குறையற்றது என்று கொள்ளலாகாது. ஆராய்ச்சியாளர் புகழ்தற்கு மட்டும் உரியவரல்லர். குறையையும் நடுநின்று கூறுதல் அவர் கடமை. சீட்டு ஊரார்க்கு உரியது. அவ்வூராருள்ளும் ஒரு சமூகத்து ஆடவர்க்கே உரியது. அதே ஏரியை நம்பி வாழும் பிறர் நிலை யாது? இருளர் குடியினர் சேற்றில் இறங்கிக் கைகளால் தடவி இறால் பிடிக்கின்றனர். நல்ல நீரோட்ட இடங்களில் அவர்க்குப் பங்கில்லை. சாரா கூல்தார்டு என்னும் ஆங்கில ஆய்வாளர் 2008-இல் வெளியிட்ட கட்டுரையில், ஏரியின் வளம் குன்றும் காலத்தில் மீனவரிடையே நிகழும் மாற்றங்களை இம்முறையோடு சேர்த்து ஆராய்ந்துள்ளார். உள்ளோர்க்கு நீதியாய் அமைந்த விதி, புறத்தே நிற்போர்க்கு மதிலாய் அமைதலும் கூடும். மேலும், உரிமை கோருவோர் தொகை பெருகுந்தோறும் ஒருவர்க்கு முறை வரும் நாள்கள் குறைகின்றன. இலங்கையின் மாவெல்ல என்னும் கடற்கரை ஊரில் முறைவைத்து வலை இழுக்கும் வழக்கம் இருந்தும், வலைகளின் தொகை வரம்பின்றிப் பெருகியமையால் பயன் சிதறியது என்பதையும் ஆஸ்ட்ரம் அம்மையாரின் நூல் எடுத்துரைக்கிறது.

உரிமை கோருவோர் தொகை பெருகுவதற்கு மக்கட்பெருக்கம் மட்டும் காரணமன்று. இறாலின் விலையும் ஒரு காரணமாகும். இங்கே வணிக ஆராய்ச்சி துணைக்கு வருகிறது. பழவேற்காடு வணிகத்திற்குப் புதிய ஊரன்று. ஒல்லாந்தர் அங்கே 1613-இல் கெல்டிரியா என்னும் கோட்டையை நிறுவி, சோழமண்டலக் கரையின் துணிகளைத் தென்கிழக்காசிய நாடுகளுக்கு அனுப்பினர். 1690 வரை இக்கரையில் அவர்தம் தலைமையிடம் அதுவே. அக்கால வணிகர் வரலாற்றை ஆராய்ந்து நூல் எழுதியவருள், இலங்கைத் தமிழராகிய சின்னப்பா அரசரத்தினம் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவர். அன்று துணி கடல் கடந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இறால் கடல் கடந்தது. உள்ளூர்ச் சந்தையில் எளிய உணவாயிருந்த பொருள் அயல்நாட்டுச் செலாவணி ஈட்டும் பொருளாயிற்று. கடல்வளப் பொருள்களின் ஏற்றுமதியை வளர்க்க 1972-இல் இந்திய அரசு ஒரு தனி ஆணையத்தை நிறுவியது. தொலைநாட்டு உணவு விடுதியில் உண்பாரின் விருப்பம் ஏரிக்கரைக் குடிசையில் வாழ்வாரின் நாளை மாற்றியது.

விலை ஏறவே, ஏரி தரும் இறால் போதாதாயிற்று. 1990-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், கடற்கரை நிலங்களில் குளங்கள் வெட்டி இறாற்பண்ணைகள் பெருகின. குறுகிய காலத்தில் பெரும்பொருள் ஈட்டலாம் என்னும் ஆசை பரவியது. ஆனால், உவர்நீர்க் குளத்திற்கு அருகிலிருந்த நெல்வயல்களில் உப்பு ஊறியது. குடிநீர்க் கிணறுகள் கரித்தன. பண்ணைக் கழிவுநீர் ஓடைகளிலும் கழிகளிலும் கலந்தது. 1994-ஆம் ஆண்டையொட்டிப் பரவிய நோயால் பண்ணை இறால்களும் மடிந்தன. வணிகக் கணக்கில் இலாபம் என எழுதப்பெற்றது, வேளாண்மைக் கணக்கில் இழப்பாய் நின்றது. எந்தக் கணக்கு மெய்? இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதிப் பார்த்தாலன்றி விடை கிடையாது.

அந்த ஏட்டை விரித்து வைக்கும் பணி நீதிமன்றத்தைச் சேர்ந்தது. சர்வோதயத் தொண்டராகிய ஜெகந்நாதன், இறாற்பண்ணைகளால் உழவரும் மீனவரும் படும் துன்பத்தை எடுத்துக்காட்டி, 1994-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். நீதிபதிகள் சட்ட நூல்களை மட்டும் புரட்டவில்லை. நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழற் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தாரைப் பண்ணைகளை நேரிற் சென்று ஆராயுமாறு பணித்தனர். மண், நீர், உயிரினம், மக்கள் பிழைப்பு ஆகிய யாவும் ஆராயப்பெற்றன. பண்ணைகளால் விளையும் வருவாயினும் அவற்றால் விளையும் கேட்டின் மதிப்பே மிகுதி என்பது அவ்வாராய்ச்சியின் முடிபு. 1996-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் தீர்ப்பு வெளிவந்தது. மரபு வழிப்பட்ட வளர்ப்பு முறைகள் நீங்கலாக, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்திலுள்ள பண்ணைகளை அகற்றுமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. சிலிகை ஏரிக்கும் பழவேற்காட்டு ஏரிக்கும் 1,000 மீட்டருக்குள் பண்ணைத் தொழில் கூடாது எனத் தனியே எடுத்துரைத்தது. ஏரி பேச வல்லதாயின், தன் பெயரை அத்தீர்ப்பிற் கேட்டு மகிழ்ந்திருக்கும்.

எனினும், கதை அங்கே முடியவில்லை. பண்ணையாளர் மறு ஆய்வு கோரினர். பண்ணைகளை அகற்றும் பணி தடைப்பட்டது. பின்னர் நாடாளுமன்றம் 2005-இல் ஒரு சட்டம் இயற்றி, கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பை ஒழுங்குபடுத்தச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஆணையம் ஒன்றை அமைத்தது. தொழிலை அறவே விலக்குவதா, நெறிப்படுத்துவதா என்னும் வினாவிற்கு ஆராய்ச்சியாளர் இன்றும் வெவ்வேறு விடை கூறுகின்றனர். அக்கருத்து வேறுபாடு குறையன்று. ஆராய்ச்சி உயிரோடு இருத்தற்கு அடையாளம்.

இத்துறைகள் ஒன்றையொன்று அறியாதிருப்பின் யாது நிகழும்? விலங்கியல் மட்டும் கற்றவர் இறாலைக் காப்பார். இறாலை நம்பிய இருளரை மறப்பார். வணிகம் மட்டும் கற்றவர் விலையைக் காண்பார். வயலில் ஊறும் உப்பைக் காணார். சட்டம் மட்டும் கற்றவர் எழுதிய விதியைப் போற்றுவார். எழுதாத பாடு முறையை விதியென்றே கருதார். இலங்கையின் நீர்கொழும்புக் களப்பில் வழங்கும் இத்தகைய சீட்டு முறைக்கு அரசின் விதிகளே ஏற்பு அளித்துள்ளன. மக்கள் வழக்கத்தைச் சட்டம் கண்திறந்து நோக்கியதன் பயன் அஃது. அவ்வாறு நோக்குங்கால், சீட்டுக்குப் புறத்தே நிற்போரையும் உடன் நோக்குதல் சட்டத்தின் கடனாம்.

இன்னும் ஒன்று மறக்கற்பாலதன்று. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நீரோட்டம் வலுக்கும் என்பதையும், முகத்துவாரத்தில் மணல் எப்பொழுது சேரும் என்பதையும் நொச்சிக்குப்பத்து மீனவர் எந்தக் கல்லூரியிலும் பயின்றவரல்லர். நாள்தோறும் நீரை நோக்கி, நோக்கியதைத் தந்தை மகனுக்கு உரைத்து வளர்த்த அறிவு அது. பழவேற்காட்டை ஆராய வந்த அறிஞர் பலர்க்கும் முதல் ஆசிரியர் கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவரே.

இன்று பள்ளியிற் பயிலும் மாணவர் நாளை வழக்கறிஞராகலாம், வணிகராகலாம், வேளாண்மை அறிஞராகலாம், மக்கள் வாழ்வை ஆராய்வோராகலாம். ஒருவர் ஒரு துறையில் இறங்குதல் இயல்பே. இறங்கிய பின், எதிர்க்கரைத் துறையில் நிற்பவர் கூறுவதற்கும் செவி சாய்த்தல் வேண்டும். துறைகள் பல, நீர் ஒன்று. அந்நீர் வற்றினால் எத்துறைக்கும் பயனில்லை.