வலிப்பு நோயுள்ள பிள்ளை: காவல் எதுவரை?

வலிப்பு நோயுள்ள பிள்ளையைக் காப்பது பெற்றோரின் கடமை. எல்லாவற்றிலிருந்தும் அப்பிள்ளையை விலக்கி வைப்பது அக்கடமையில் அடங்காது. “நீச்சல் வேண்டாம், சைக்கிள் வேண்டாம், சுற்றுலா வேண்டாம்” என்றே கேட்டு வளரும் பிள்ளை, தன்னால் எதுவும் இயலாது என்று நம்பத் தொடங்கிவிடும்.

நோயை மறைக்கும் வழக்கமும் நம்மிடையே உண்டு. பிற்காலத்தில் திருமணம் தடைப்படுமோ என்ற கவலையே அதற்குப் பெரும் காரணம். இந்தியாவின் இந்து திருமணச் சட்டம், 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே, திரும்பத் திரும்ப வரும் வலிப்பைத் திருமணத்துக்குத் தடையாகக் குறித்திருந்தது. 1999ஆம் ஆண்டில் அது நீக்கப்பட்டது. சட்டமே கைவிட்ட அச்சத்தை நாம் சுமக்க வேண்டியதில்லை. மேலும், நோயை மறைத்தால், வலிப்பு வரும் வேளையில் அருகிலிருப்பவர் செய்வதறியாது நிற்க நேரும்.

பள்ளியில்

நியூ ஜெர்சியில் 2020 ஜனவரியில் கையெழுத்தான ‘பால் சட்டம்’ உங்களுக்குத் துணை நிற்கிறது. நீங்கள் எழுத்து மூலம் ஒப்புதலும் மருத்துவரின் வலிப்புச் செயல்திட்டமும் அளித்தால், பள்ளிச் செவிலியர் உங்கள் பிள்ளைக்கெனத் தனி உடல்நலத் திட்டமும் அவசரகாலத் திட்டமும் வகுப்பார். பள்ளிப் பேருந்து ஓட்டுநருக்கும் உரிய தகவல் தரப்படும். ஒப்புதலை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். விளையாட்டிலும் கல்விச் சுற்றுலாவிலும் சம வாய்ப்புப் பெறும் உரிமையை, 1973ஆம் ஆண்டுக் கூட்டரசு மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவு காக்கிறது. எனவே, சுற்றுலா நாளன்று பிள்ளையை வீட்டில் நிறுத்த எண்ணுமுன் செவிலியரிடம் பேசுங்கள்.

வீட்டிலும் வெளியிலும்

‘கூடாது’ என்று சொல்லுமுன், ‘எப்படிச் செய்தால் பாதுகாப்பு?’ என்று மருத்துவரைக் கேளுங்கள். வலிப்பின் வகையையும் அது வரும் வேளையையும் பொறுத்து விடை வேறுபடும்.

- நீச்சல்: முதலுதவி அறிந்த பெரியவர் ஒருவர் கண் அகலாது உடனிருக்க வேண்டும்.
- சைக்கிள்: தலைக்கவசம் கட்டாயம், வாகனம் செல்லும் சாலையைத் தவிர்த்துப் பூங்காப் பாதையைத் தேர்ந்தெடுங்கள்.
- குளியல்: தொட்டியைவிட ஷவர் நல்லது, கதவைத் தாழிட வேண்டாம்.
- நண்பர் வீட்டில் தங்குதல்: மருந்தும் உறக்கமும் நேரம் தவறக் கூடாது. அவ்வீட்டுப் பெரியவருக்கு முதலுதவியைச் சொல்லிக்கொடுங்கள்.

முதலுதவி

வலிப்பு தொடங்கிய நேரத்தைக் குறியுங்கள். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்கு அடியில் மென்மையான துணி வையுங்கள். கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் வலிப்பு நிற்காது. 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, அடுத்தடுத்து வந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, காயம் பட்டாலோ, தண்ணீரில் நேர்ந்தாலோ உடனே 911ஐ அழையுங்கள்.

வயதுக்கேற்பப் பொறுப்பையும் பிள்ளையிடம் ஒப்படையுங்கள். மருந்துப் பெட்டியை வாரந்தோறும் பிள்ளை நிரப்பட்டும், நீங்கள் சரிபாருங்கள். அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது, முதல் கேள்வியைப் பிள்ளையே கேட்கட்டும்.