பினாங்குப் பள்ளியும் கடைத்தெருவும்

திருவேற்காட்டிலிருந்து மலேசியாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்படும் ஒரு குடும்பத்தார் நம்மிடம் வந்தார்கள். "ஹஜ்ரத்! பினாங்கில் பழைய பள்ளிவாசலைப் பார்க்கப் போகிறோம். அதற்கும் ஸவாபு உண்டா?" என்று கேட்டார்கள்.

நன்மையை நாடி, குறிப்பிட்ட ஒரு பள்ளிக்கென்றே நெடும்பயணம் மேற்கொள்வது மக்கா ஹரம், மதீனாவின் நபிப்பள்ளி, பைத்துல் முகத்தஸ் ஆகிய மூன்றுக்கே என்பது நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை. ஊர் பார்க்கப் போவது ஆகுமான பயணம். போன இடத்தில் பள்ளியினுள் நுழைந்து தொழும் தஹிய்யத்துல் மஸ்ஜித் இரண்டு ரக்அத்துக்கே கூலி. வாசலில் நின்று படமெடுத்துத் திரும்புவதற்கு என்ன கூலி!

அது நம்மவர் கட்டிய பள்ளி. பரங்கிப்பேட்டையிலிருந்து சென்ற வணிகர் காதிர் முஹையித்தீன் அங்குள்ள தமிழ் முஸ்லிம்களுக்குத் தலைவராகி, 'கப்பித்தான் கிளிங்' என்று அழைக்கப்பட்டார். கம்பெனியார் தந்த நிலத்தில் 1801-ல் பள்ளி எழுந்தது. இன்று காணும் குவிமாடங்கள் பிற்காலத் திருப்பணி. அதே வீதியில் கிறிஸ்தவ ஆலயமும், சீனக் கோயிலும், சற்றுத் தள்ளி மாரியம்மன் கோயிலும் இருக்கின்றன. 2008-ல் அப்பழைய நகரம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கடல் தாண்டிப் பிழைக்கப் போனவர்கள் தொழுமிடத்தை மறக்கவில்லை. பார்க்கப் போகும் நாம் மறக்கிறோம்.

பிறரைச் சொல்வானேன்? நாமே ஒரு முறை அங்கே லுஹரைத் தொழுதுவிட்டு, சௌராஸ்தா சந்தைக்குப் போனோம். (சௌராஸ்தா என்பது நாற்சந்தியைக் குறிக்கும் உருதுச் சொல்தான்.) ஜாதிக்காய் ஊறுகாய்க்குப் பேரம், பிள்ளைகளுக்கு மிட்டாய், பிறகு இன்னொரு கடை. மஃரிபு பாங்கு கேட்ட பின்னரே அஸர் நினைவுக்கு வந்தது. களாச் செய்தோம், தவ்பாவும் செய்தோம். கடைவீதியை அல்லாஹ்வுக்கு வெறுப்பான இடம் என்று நபியவர்கள் சொன்னதன் பொருள் அன்றுதான் நமக்கு விளங்கியது.

இத்தனைக்கும் பயணிக்கு மார்க்கம் சலுகை தந்திருந்தது! ஷாபிஈ மத்ஹபில், போகும் நாளையும் திரும்பும் நாளையும் கழித்து நான்கு நாட்களுக்குக் குறைவாகத் தங்க நாடியவர் கஸ்ரு செய்யலாம். லுஹரை முடிப்பதற்குள் ஜம்உ நிய்யத் வைத்து, தாமதமின்றி அஸரையும் உடன் தொழுதிருக்கலாம். ஹனபி மத்ஹபினருக்கு இப்படிச் சேர்த்துத் தொழுதல் இல்லை. பதினைந்து நாள் தங்க நாடாதவரை கஸ்ரு மட்டும் உண்டு. உள்ளூர் இமாமைப் பின்தொடர்ந்தால் இரு மத்ஹபினரும் நான்கும் தொழவேண்டும். அஸருக்குப் பின் பள்ளிக்குள் போனால், தஹிய்யத் தொழ ஷாபிஈக்கு அனுமதி உண்டு, ஹனபிக்கு இல்லை. இதை அறியாமல் ஒருவர் தொழுவதை மற்றவர் குறை சொல்லிப் பார்த்திருக்கிறோம்.

ஜமாஅத் நடக்கும்போது படமெடுக்க வேண்டாம், தொழுபவரின் முன்னே நடக்க வேண்டாம் என்றும் அக்குடும்பத்தாரிடம் சொன்னோம். வீட்டு அம்மா மட்டும், "அப்படியானால் சந்தைக்கு எப்போது போவது?" என்றார்கள். காலையில் போய் லுஹருக்குப் பள்ளிக்கு வந்துவிடுங்கள் என்றோம்.