ஸ்கேன் பண்ணி ஏத்திட்டா போதுமா?

போன சம்பா பருவத்தில் பட்டுக்கோட்டை பக்கம் எங்க ஊருக்குப் போயிருந்தேன். பெரியப்பாவுக்குச் சர்க்கரையால் பார்வை மங்கிவிட்டது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் டாக்பேக் வசதியைப் போனில் பழகி வைத்திருக்கிறார். பயிர்க் காப்பீடு பற்றி ஓர் அறிவிப்பு வாட்ஸ்அப்பில் பிடிஎஃப்பாக வந்தது. திறந்தார். பக்க எண்ணோடு சத்தம் நின்றுவிட்டது.

“என்னடா தம்பி, இது பேச மாட்டேங்குது?”

கடைசித் தேதியை நான்தான் படித்துச் சொன்னேன். நான் ஹாஸ்டலில் இருக்கும் நாளில் யார் சொல்வது?

நடந்தது இதுதான்: கம்ப்யூட்டரில் அடித்த கடிதத்தை அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, மறுபடி ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறார்கள். நம் கண்ணுக்கு அது எழுத்து. மென்பொருளுக்கு வெறும் போட்டோ. தேடவும் முடியாது, காப்பி செய்யவும் முடியாது. நீங்களே ஓர் அரசாணையைத் திறந்து, ஒரு சொல்லின் மேல் விரலை அழுத்திப் பாருங்கள். சொல் தேர்வாகவில்லையா? அதுவும் போட்டோதான்.

தேர்வானாலும் நம்பிவிடாதீர்கள். பழைய ஆவணங்கள் பலவற்றில் எழுத்துரு சிக்கல் உண்டு. பாமினியில் ‘தமிழ்’ என்று தெரிவதற்கு அடியில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான் பதிவாகியிருக்கும். டாக்பேக் அந்த ஆங்கில எழுத்துகளைத்தான் படிக்கும்! யூனிகோடில் ‘த’வுக்கென்றே தனி எண் இருப்பதால் எந்தக் கருவியிலும் அது ‘த’தான். தமிழக அரசு 2010 ஜூனிலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது.

சட்டமும் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு, யாரும் கேட்காமலே அலுவலகங்கள் தகவலை வெளியிட வேண்டும் என்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-வது பிரிவு, மின்னணு ஊடகத் தகவல்கள் அவர்கள் அணுகும் வடிவில் இருக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. பட்டா, சிட்டா விவரங்களை இன்று வீட்டிலிருந்தே பார்க்கிறோமே. செய்ய முடியாத வேலை இல்லை. யூனிகோடில் அடித்த கோப்பை அப்படியே பிடிஎஃப்பாகச் சேமித்து, டிஜிட்டல் கையெழுத்திட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பழைய ஸ்கேன்களுக்கு நாம் கை கொடுக்கலாம். டெசராக்ட் என்ற இலவச மென்பொருள் படத்திலிருந்து தமிழ் எழுத்தைப் பிரித்தெடுக்கும். மினி புராஜெக்ட் தேடுகிறவர்கள் கவனிக்கவும்! ஆனால் மங்கலான பக்கத்தில் அது தடுமாறும். முடிவை மூலத்தோடு வரி வரியாக ஒப்பிடுங்கள், முக்கியமாக எண்களை. சர்வே எண்ணில் ஓர் இலக்கம் மாறினால், அது பக்கத்து வயல்காரர் நிலம்.