கோட்டிலிருந்து காயத்திற்கு

1942இல் பர்மா சப்பானியர் வசமானதும் வங்கத்திற்கு அங்கிருந்து வந்த அரிசி நின்றது. மறு ஆண்டுப் பஞ்சத்தில் மாண்டோர் ஏறத்தாழ முப்பது இலட்சம். கல்கத்தாத் தெருக்களில் வீழ்ந்து கிடந்தோரை ஜைனுல் ஆபிதீன் மலிவான தாளில் மைகொண்டு தீட்டினார். உடலுக்குச் சில கோடுகளே. பின்னணியோ பெரும்பாலும் வெறுமை. முற்றுப்பெறாதவை போல் தோன்றும் அவற்றில் அவ்வெறுமையே பசியை உணர்த்துகிறது.

அப்பஞ்சத்தைத் தாமும் கண்டு வரைந்தவர், அவரிடம் பயின்ற சோம்நாத் ஹோர். 1970களில் அவர் படைத்த 'காயங்கள்' வரிசையில் மையே இல்லை. களிமண்ணில் கத்தியால் கீறி, அதிலிருந்து எடுத்த சிமெண்டு அச்சில் வெள்ளைக் காகிதக் கூழை அழுத்தினார். ஆசிரியர் விட்ட வெறுமையை அவர் நிரப்பவில்லை. அதையே கீறினார் என்பது என் துணிபு. திசையன்விளைத் தேரிமணலில் குச்சியால் கீறிய மாணவர்க்கு இது எளிதில் விளங்கும்: அங்கும் நிறமில்லை, பள்ளத்தில் விழும் நிழலே கோடாகிறது.