தராசும் பில் மிஷினும் பேசிக்கலைன்னா என்ன செய்யலாம்?



"சர்வர் இல்ல, நாளைக்கு வாங்க." ரேஷன் கடை வாசலில் இந்தப் பேச்சை நாம் எல்லோருமே கேட்டிருப்போம். நாளைக்கு வரணும்னா ஒரு நாள் கூலி போச்சு. கடையில் நிற்கிற பெண்ணுக்கோ ஊர் ஏச்சு. மகளிர் குழுக்களே நடத்தும் ரேஷன் கடைகளும் நம் மாநிலத்தில் உண்டு. வரிசையில் நிற்பதும் நாம்தான், தராசு பக்கம் நிற்பதும் நாம்தான். அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்தே இந்தப் பாடம்.

ஏன் வந்தது இந்த இணைப்பு?

எடை குறையாமல் பொருள் கிடைக்கணும் என்பதற்காக, தராசையும் பில் மிஷினையும் இணைக்க ஊக்கம் தரும் விதியை மத்திய அரசு 2021 ஜூனில் கொண்டு வந்தது. தமிழ்நாட்டில் 2025-ல் கடைகளில் ப்ளூடூத் மூலம் இந்த இணைப்பு கொடுக்கப்பட்டது. தராசில் விழும் எடை, வயர் இல்லாமலே மிஷினுக்குப் போகும். கையால் எடையை அடிக்க வேண்டியதில்லை.

மூன்று கண்ணிகள்

இது ஒரு சங்கிலி மாதிரி. முதல் கண்ணி தராசு. இரண்டாவது, தராசுக்கும் மிஷினுக்கும் நடுவே உள்ள ப்ளூடூத். மூன்றாவது, மிஷினில் இருந்து சர்வருக்குப் போகும் சிம் சிக்னல். எது அறுந்தாலும் பில் வராது. எல்லாத்தையும் "சர்வர்" என்று சொல்லிவிட்டால் எதையும் சரி பண்ண முடியாது. எந்தக் கண்ணி என்று முதலில் பாருங்க.

1. தராசிலேயே எண் நிற்காமல் ஆடுகிறதா?

சிக்னலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. தராசு சமமாக நிற்கிறதா, தட்டு சுவரிலோ மூட்டையிலோ இடிக்கிறதா, மேலே ஃபேன் காற்று அடிக்கிறதா, சார்ஜ் இருக்கிறதா என்று பாருங்க. தட்டு காலியாக இருக்கும்போது பூஜ்யம் காட்டணும். எண் நிலையாக நின்ற பிறகே எடையை அனுப்பும் தராசுகள் உண்டு. அரிசியைக் கொட்டிக்கொண்டே இருந்தால் எடை போகாது.

2. தராசில் எடை சரி, மிஷினில் வரவில்லையா?

இது ப்ளூடூத் கோளாறு. வரிசையாகச் செய்து பாருங்க:
- மிஷினில் ப்ளூடூத் ஆன் ஆகி இருக்கிறதா?
- பட்டியலில் தெரிவது நம்ம கடைத் தராசின் பெயர்தானா?
- வேறு போனோ மிஷினோ அந்தத் தராசோடு ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா? சாதாரணமாக ஒரு நேரத்தில் ஒன்றோடுதான் சேரும்.
- நடுவில் இரும்பு பீரோ, எண்ணெய் டின் அடுக்கு இருக்கிறதா? ப்ளூடூத் சுமார் 10 மீட்டர் வரை எட்டும் என்பார்கள். சுவரும் இரும்பும் அதைக் குறைத்துவிடும்.
- இரண்டையும் அணைத்து, முதலில் தராசையும் பிறகு மிஷினையும் போடுங்க.
- கடைசி வழியாகத்தான் பழைய இணைப்பை நீக்கிப் புதிதாகச் சேர்க்கணும்.

3. மிஷினில் எடை வந்தும் பில் வரவில்லையா?

இப்போதுதான் அது சிக்னல் அல்லது சர்வர். நம்ம கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் இருக்கிற மாதிரி கனத்த சுவர் கட்டடத்துக்குள் கடை இருந்தால், டவர் உள்ளே எட்டாது. உடனே மிஷினை மட்டும் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போவோம். அங்கே டவர் கிடைக்கும், ஆனால் தராசோடு ப்ளூடூத் அறுந்துபோகும்! தராசையும் மிஷினையும் சேர்த்தே ஜன்னலோரம் வைப்பதுதான் சரி. தராசை நகர்த்தினால் மறுபடியும் சமம் பார்த்து, பூஜ்யம் பார்க்கணும்.

ஞாபகம் இருக்கட்டும்

மிஷின் எடையை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். எடையைச் சொல்வது தராசு. காலி டின்னை வைத்து 'டேர்' அழுத்தாமல் நிறுத்தால், டின் எடை 600 கிராம் என்றால் வாங்குபவருக்கு 600 கிராம் நஷ்டம். ப்ளூடூத் அதைக் கண்டுபிடிக்காது. அதனால் வாங்குபவர் தராசின் எண்ணையும் மிஷினின் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்க. எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் தொழிலாளர் துறை முத்திரை வேணும். அந்த முத்திரையை உடைத்துத் திறக்க விற்பனையாளருக்கும் அனுமதி இல்லை.

சரியாகவில்லை என்றால், ஒரு நோட்டில் தேதி, நேரம், எந்தக் கண்ணி, யாரிடம் சொன்னோம் என்று நாலு வரி எழுதுங்க. 1967 என்ற இலவச எண்ணிலும் வட்ட வழங்கல் அலுவலரிடமும் சொல்லலாம். "எப்பவும் சர்வர் இல்ல" என்று சொன்னால் யாரும் அசைய மாட்டாங்க. "இந்த மாதம் 5 நாள், காலை 10 மணிக்கு, தராசில் எடை வந்தும் மிஷினுக்குப் போகலை" என்று எழுதிக் கொடுத்தால் பதில் சொல்லியே ஆகணும்.

குழுக் கூட்டத்தில் பேச

1. நம்ம கடையில் அடிக்கடி அறுவது எந்தக் கண்ணி?
2. தராசில் இந்த ஆண்டு முத்திரை இருக்கிறதா? யார் பார்த்து வருவது?
3. கோளாறு நோட்டு எழுத எந்த உறுப்பினர் பொறுப்பு?